கேசரிக்கு நடத்தை ஆலோசனை

குதிரைக்குப் பல் சுத்தம் செய்வீர்களா என்று கேட்டு மாடம்பாக்கத்திலிருந்து ஓர் ஆள் போன் செய்தபோதுதான், ஏதோ விபரீதம் நடந்திருக்கிறது என்று மெஹர் பானுவுக்கு உறைத்தது.

"குதிரையா? சார், இது நாய், பூனை பாக்குற எடம். எப்பனா மொயல் வரும். குதிரை எங்க வாசப்படியே ஏறாதே?"

"உங்க வெப்சைட்ல போட்டிருக்கே மேடம்."

"எங்களுக்கு ஏது சார் வெப்சைட்டு? போர்டுக்கே பெயிண்டு போயி ரெண்டு வருஷம் ஆவுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து ஓர் அம்மாள் பக் நாயோடு வந்து, இடுப்பு வலிக்குத் தண்ணீர் சிகிச்சை கொடுக்கும் நீச்சல்குளம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். பின்பக்கம் ஒரே ஒரு சிமெண்ட் தொட்டிதான் இருந்தது. அதில் மெஹர் பானு துடைப்பத்துணி ஊறவைத்திருந்தாள்.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது டாக்டர் சாலமோனின் கிளினிக். இரண்டே அறை, ஒரே டாக்டர். மெஹர் பானு பதினான்கு வருடமாக அங்கே வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் சொல்வது கஷ்டம். சீட்டுக் கொடுப்பாள், மருந்து எடுத்துக் கொடுப்பாள், ஊசி போடும்போது நாயின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள், பூனை கிழித்த கையோடு அடுத்த பூனையைப் பிடிப்பாள். நாயைத் தொட்டால் மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டுமே என்று அவள் நாத்தனார் ஒருமுறை முகம் சுளித்தபோது, "நான் டெட்டால் போட்டு ஒரு நாளைக்கி எழுபது தடவ கழுவுறேன். நீ எத்தினி தடவ கழுவுற?" என்று கேட்டு வாயை அடைத்தவள்.

போனில் தேடிப் பார்த்தாள். வெப்சைட் இருந்தது. முகப்பில் பொன்னிற முடி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் நாயைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே டாக்டர் சாலமோனின் பெயர். அதற்கும் கீழே 'எங்கள் வரலாறு'. 1952-ம் ஆண்டு வெண்பனி கொட்டிய ஒரு காலையில் டாக்டரின் தாத்தா குதிரை வண்டியில் புறப்பட்டு, பக்கத்துப் பண்ணையில் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்தாராம். அன்று தொடங்கிய சேவை மூன்று தலைமுறையாகத் தொடர்கிறதாம். பிறகு சேவைகளின் பட்டியல்: குதிரைப் பல், நீச்சல் சிகிச்சை, அக்குபஞ்சர், நடத்தை ஆலோசனை.

மெஹர் பானு அதை டாக்டரிடம் படித்துக் காட்டினாள். அவர் ஒரு பூனையின் காதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"என் தாத்தா நாங்குநேரியில தபால்காரர். நாயக் கண்டாலே ஓடுவார்."

உண்மையான வரலாறு என்னவென்றால், 1993-ல் பக்கீர் முகமது பாய் தன் ஆட்டுக்கறிக் கடையை மார்க்கெட் பக்கம் மாற்றிக்கொண்டு போனார். காலியான கடையை வாடகைக்கு எடுத்துத்தான் சாலமோன் தொழிலைத் தொடங்கினார். முதல் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய வாடிக்கையாளர்கள் கூடையோடு வந்து நிற்பார்கள். மேசைமேல் ஒரு பொமரேனியன் மல்லாந்து கிடக்கும். வாசலில் ஒருவர், "அரை கிலோ போடுங்க பாய், நெஞ்செலும்பா பாத்து" என்பார். பொமரேனியனைக் கொண்டுவந்தவர்கள் அதை அள்ளிக்கொண்டு ஓடிவிடுவார்கள். கூரையில் பாய் விட்டுப்போன இரும்புக் கொக்கி இன்றும் இருக்கிறது. சலைன் பாட்டில் அதில்தான் தொங்கும்.

வெப்சைட் யார் வேலை என்று கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. டாக்டரின் மகள் அபிகாயில் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ரகசியப் பரிசு.

"அது டெம்ப்ளேட் பானு அக்கா! டிசைனுக்காக ஒரு ஃபாரின் கிளினிக் சைட்ட அப்படியே எடுத்தேன். பேர மட்டும் மாத்தினேன். மேட்டர அப்புறம் மாத்தலாம்னு நெனச்சேன், தானா லைவ் ஆயிடுச்சு போல. இந்த வாரம் ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு, முடிஞ்ச உடனே மாத்திடறேன், ப்ராமிஸ்."

"குதிரைய மட்டுமாச்சும் இப்ப எறக்கி வுடும்மா" என்றாள் மெஹர் பானு.

கோபம் வந்தாலும் சைட்டை மூடச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காரணம் இருந்தது. எட்டு மாதம் முன்பு மெயின் ரோட்டில் கண்ணாடி வைத்த பெரிய செல்லப்பிராணி மருத்துவமனை ஒன்று திறந்திருந்தார்கள். அங்கே பூனைக்குத் தனி வெயிட்டிங் ரூம், மனிதர்களுக்குக் காபி மெஷின். நாயை 'பேபி' என்றும், நாய் வைத்திருப்பவரை 'டாடி' என்றும் கூப்பிடுவார்கள். சாலமோன் டாக்டரோ கொழுத்த லாப்ரடாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வியாதி எதுவும் இல்ல. இதோட வியாதி நீங்கதான்" என்பார். கைராசிக்காரர்தான். ஆனால் வாய்? பாதிக் கூட்டம் கண்ணாடிப் பக்கம் போய்விட்டது. மதியத்தில் மெஹர் பானு மருந்து டப்பாக்களை ஏற்கெனவே அடுக்கிய வரிசையிலேயே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒரு மதியத்தில்தான் ஸ்ரீவத்சன் வந்தான். பெருங்களத்தூரில் புதிதாக வந்த பதினான்கு மாடி அப்பார்ட்மெண்டில் குடியிருப்பவன். முப்பத்து நாலு வயது, மூன்று நாள் தாடி, கையில் ஒரு பீகிள் நாய். நெய்யில் வறுத்த ரவையின் நிறம். பெயர் கேசரி.

"நடத்தை ஆலோசனைக்கு வந்திருக்கேன் சார்" என்றான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். 'அதெல்லாம் இங்கே கிடையாது' என்று சொல்லப் போகிறார் என்பது மெஹர் பானுவுக்குத் தெரிந்தது. சொல்லும் விதத்தில் இவனும் திரும்பி வர மாட்டான் என்பதும் தெரிந்தது.

"உண்டு சார். இப்டி வந்து குந்துங்க" என்று தன் மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் திருப்பிப் பார்க்கவே இல்லை.

விஷயம் இதுதான். கேசரி ஊளையிடுகிறது. சாதாரண ஊளை இல்லை. கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, பதினான்கு மாடிக்கும் கேட்கிற ஊளை. அப்பார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் பத்ரிநாராயணன் மூன்று கடிதம் அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் நாயை வெளியேற்றத் தீர்மானம் வருகிறது.

"சட்டப்படி அவாளால ஒண்ணும் பண்ண முடியாது மேடம். ஆனா லிஃப்ட்ல ஏறினா எல்லாரும் எறங்கிடறா. பால்காரன்கூட மொறைக்கறான்."

"நாய யாருக்குனா குட்த்துடலாம்ல?"

ஸ்ரீவத்சன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இது என் வைஃபோட நாய். அவ டொரண்டோல இருக்கா, ஒன்றரை வருஷ ப்ராஜெக்ட். டெய்லி வீடியோ கால் பண்ணுவா. மொதல்ல கேசரி. அப்புறம் கேசரி சாப்பிட்டதா. நெட்வொர்க் மிச்சம் இருந்தா நான். இத வெளில அனுப்பினேன்னா அவ அங்கேர்ந்தே டைவர்ஸ் பேப்பர் அனுப்பிடுவா மேடம்."

மேடம். அந்த அரை மணியில் ஏழு தடவை சொல்லிவிட்டான். பதினான்கு வருடத்தில் அந்த வாசலுக்கு வந்தவர்கள் மெஹர் பானுவிடம் கேட்ட ஒரே கேள்வி, 'டாக்டர் இருக்காரா?' இவன் என்னடாவென்றால் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று பேனாவோடு காத்திருந்தான். மெஹர் பானு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நடத்தை ஆலோசனை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு மகள்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். வாஜித் என்கிற ஏசி மெக்கானிக்கோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்துகிறவள். ஒருவர் கத்தினால் எப்போது கத்துகிறார் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும் என்பது அவள் அனுபவம். வாஜித் கத்துவது பசியில்.

"நாலு நாளு டைம் எழுதுங்க. எத்தினி மணிக்கி ஆரம்பிக்கிது, எப்ப நிறுத்துது, அப்ப நீங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க, அக்கம்பக்கத்துல இன்னா சத்தம். ஒண்ணு வுடாம."

அவன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐ.டி. ஆள். ஐந்தாம் நாள் வண்ண வண்ணக் கட்டம் போட்ட எக்ஸெல் தாளோடு வந்தான். கூடவே ஒரு வரைபடம். மெஹர் பானுவுக்கு வரைபடம் புரியவில்லை. ஆனால் ஒரே ஒரு நெட்டைக் கோடு தனியாக நின்றது புரிந்தது. நாலு நாளும் சாயங்காலம் ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை. மற்ற நேரமெல்லாம் கேசரி பஞ்சுமூட்டை.

"ஆறே முக்காலுக்கு அங்க இன்னாமோ கீது சார்" என்றாள் டாக்டரிடம். "நேர்ல போய்ப் பாத்தாத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பார்ப்போம்னும் நம்ம சைட்டுல போட்டுகீது."

"இன்னும் என்னென்ன போட்டிருக்கு அதுல?"

"கேக்காதீங்க சார். வண்டிய எடுங்க."

சனிக்கிழமை. பொங்கல் விடுமுறை தொடங்கிவிட்டதால் சென்னையில் பாதி ஜனம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூருக்குப் போக டாக்டரின் பழைய மாருதிக்கு ஒரு மணி பத்து நிமிடம் பிடித்தது. ஆம்னி பஸ்களுக்கு நடுவில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, டாக்டர் தமிழ்நாட்டிலுள்ள எல்லா டிரைவர்களின் பிறப்பையும் சந்தேகித்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏழாவது மாடி வீட்டுக்குள் நுழையும்போது மணி ஆறு முப்பத்தைந்து. கேசரி டாக்டரின் ஷூவின்மேல் தலை வைத்துத் தூங்கிப்போனது. டாக்டர் அதன் காது, தொண்டை, வயிறு எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. ஸ்ரீவத்சன் காபி கொண்டுவந்தான். மூவரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு நாற்பத்தாறு. பாத்ரூம் ஜன்னல் வழியாக, கீழ் வீட்டிலிருந்து முதலில் ஒரு தபேலாச் சத்தம் வந்தது. பிறகு ஆர்மோனியம். பிறகு ஒரு மனிதக் குரல், பழைய சினிமாக் காதல் பாட்டு ஒன்றைத் தொடங்கியது. தொடங்கிய சுருதி ஒரு பக்கமும் பாட்டு இன்னொரு பக்கமுமாகப் போயின. பல்லவி முடிவதற்குள் குரல் இரண்டு தடவை வழுக்கி விழுந்து எழுந்தது.

கேசரி கண்ணைத் திறந்தது. எழுந்து பாத்ரூம் வாசலுக்குப் போய், முன்னங்கால்களை ஊன்றி உட்கார்ந்து, கழுத்தை வானத்துக்கு நீட்டியது.

"ஊஊஊஊ..."

"ஐயோ" என்றான் ஸ்ரீவத்சன்.

"யாரு கீழ?" என்று கத்திக் கேட்டாள் மெஹர் பானு.

"செகரட்டரி! பத்ரிநாராயணன்! ரிட்டயர் ஆனப்புறம் கரோக்கி மைக் வாங்கியிருக்கார்! எங்களுக்குப் பழகிப்போச்சு மேடம், காதுல விழறதே இல்ல!"

டாக்டர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். அவர் சர்ச் பாட்டுக் குழுவில் முப்பது வருடமாக இருப்பவர். "நாய் சுருதில இருக்கு" என்றார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அப்பார்ட்மெண்டின் கிளப் ஹவுஸில் பொதுக்குழு. எண்பது பேர். பத்ரிநாராயணன் கோவில் பட்டர் மாதிரி கம்பீரமான ஆள்; வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு, குடியிருப்போரின் நிம்மதி, குழந்தைகளின் படிப்பு என்று பேசினார். பிறகு, "மிஸ்டர் ஸ்ரீவத்சன் ஒரு நிபுணரை அழைத்து வந்திருக்கிறாராம். சந்தோஷம். நிபுணரைப் பற்றி நானும் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணினேன்" என்று ஒரு காகிதத்தை எடுத்தார்.

காகிதத்தின் மேல் ஓரத்தில் வெப்சைட்டின் வெள்ளைக்காரப் பெண் சிரிப்பது மெஹர் பானுவுக்குத் தெரிந்தது.

அவர் வரலாற்றைப் படித்தார். பனி, தாத்தா, குதிரை வண்டி எல்லாம் வந்தது. கூட்டம் ரசித்துக் கேட்டது. பிறகு இன்னொரு காகிதத்தை எடுத்தார். அதே வரலாறு, ஒரு எழுத்துக்கூட மாறாமல். அயர்லாந்தில் ஒரு கிளினிக்குடையது. "சேலையூரில் எந்த வருஷம் சார் வெண்பனி கொட்டிற்று?" என்று கேட்டார். சபை சிரித்தது. ஸ்ரீவத்சன் தலையைத் தொங்கப்போட்டான். டாக்டர் சாலமோனின் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. நாய் வைத்திருப்பவர்களை நாளெல்லாம் கிழிக்கும் வாய், தன் விஷயத்தில் திறக்கவே இல்லை. வாசல் எங்கே இருக்கிறது என்று அவர் பார்ப்பதை மெஹர் பானு கவனித்தாள். அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

எழுந்தாள். யாரும் கொடுக்காமலேயே பத்ரிநாராயணன் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அய்யா சொல்றது அத்தினியும் நெசம். அந்த வரலாறு சுட்டது. எங்க டாக்டரு பொண்ணு ஆசையா பண்ணது, தப்பாப் போச்சு. அதுக்கு மன்னிச்சிக்கோங்க. எங்களுக்கு நெசமாவே ஒரு வரலாறு கீது. ஆனா அத வெப்சைட்டுல போட முடியாது. கறிக்கடையில ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது."

அப்புறம் அவள் சொன்னாள். நெஞ்செலும்பு கேட்டு வந்தவர்களை, கூரைக் கொக்கியை, 2015 வெள்ளத்தின்போது முடிச்சூரில் மொட்டை மாடியில் மாட்டிக்கொண்ட பதினேழு நாய்களை டாக்டர் படகில் கொண்டுவந்து அந்த இரண்டு அறையில் ஒன்பது நாள் வைத்திருந்ததை. "பதினேழும் ஒண்ண ஒண்ணு கடிக்கல. டாக்டரத்தான் கடிச்சிதுங்க. அஞ்சு ஊசி போட்டுகினாரு." கடைசி வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, "ஆமா, எங்க நாய் அதுல ஒண்ணு. நான் முடிச்சூர்லதான் அப்ப இருந்தேன்" என்றாள். சிரிப்பு அடங்கி, கூட்டம் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியது.

"இப்ப நாய் மேட்டருக்கு வரேன்" என்று மெஹர் பானு எக்ஸெல் தாளை உயர்த்திப் பிடித்தாள். "ஆறே முக்காலுக்கு ஆரம்பிச்சி ஏழரைக்கு முடியிது. அந்த டைமுக்கு இந்த பில்டிங்குல வேற இன்னா நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும்."

எண்பது பேருக்கும் தெரிந்தது. எண்பது பேரும் பத்ரிநாராயணனைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

"என்ன சொல்ல வரேள்?" என்றார் அவர்.

"நீங்க பாடறீங்க, அது ஊளையிடுது சார். வேணும்னா பாடிப் பாருங்க."

கேசரி ஸ்ரீவத்சனின் காலடியில் படுத்திருந்தது. பத்ரிநாராயணன் மறுத்திருக்கலாம். ஆனால் மைக்கும் சபையும் சேர்ந்து கிடைத்தால் விடுகிற ஆள் இல்லை அவர். மைக்கைத் திரும்ப வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணை மூடினார். இரண்டாவது அடியிலேயே கேசரி எழுந்தது, கழுத்தை நீட்டியது, சேர்ந்துகொண்டது. முன் வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்க முயன்று, மூக்கு வழியாகக் காபியை விட்டார். அதன்பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

பத்ரிநாராயணன் பாட்டை நிறுத்தினார். அவர் முகம் சுருங்கிப்போனதை மெஹர் பானு மிக அருகிலிருந்து பார்த்தாள். ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு அந்த நொடியே போய்விட்டது. வீட்டில் தனியாக மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதரை எண்பது பேர் முன்னால் நிறுத்தியிருக்கிறோமே என்று கூசிப்போனாள்.

அவர் டாக்டரைப் பார்த்துத்தான் கேட்டார், மெதுவான குரலில். "ஏன் சார்? அவ்வளவு மோசமாவா இருக்கு? அதுக்குக் காது வலிக்கிறதா?"

மெஹர் பானு சட்டென்று டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிதர் வாயில் பொய்யே வராது. தெரிந்த ஒரே பதில் உண்மை. அதையும் செருப்பால் அடிப்பதுபோல்தான் சொல்வார். அவர் காலை மிதிக்கலாம் என்று பார்த்தாள். எட்டவில்லை.

டாக்டர் எழுந்து, கேசரியின் பக்கத்தில் குந்தி அமர்ந்து, அதன் காதைத் தடவினார்.

"காது வலிச்சா ஓடிப் போய்க் கட்டிலுக்கு அடியில ஒளியும். வால இடுக்கிக்கும். இது உங்க குரல் கேட்டா எழுந்து, கிட்ட வந்து உக்காருது. வால் ஆடுது, பாருங்க. பீகிள் கூட்டமா வேட்டைக்குப் போற ஜாதி. கூட்டத்துல ஒருத்தன் குரல் குடுத்தா மத்தவன் பதில் குடுப்பான், 'நான் இங்க இருக்கேன், நீ தனியா இல்ல'ன்னு. பகல் பூரா இதுகூட இருக்கறவர் கம்ப்யூட்டரத் தவிர யார்கூடயும் பேசறதில்ல. பில்டிங்குல இதக் கூப்பிடற ஒரே ஆள் நீங்கதான். அதுக்குத்தான் பதில் சொல்லுது." எழுந்து நின்று, "பாட்டு சுமார்தான். அது வேற விஷயம்" என்றார்.

பத்ரிநாராயணன் மைக்கை மேசைமேல் வைத்தார். பிறகு குனிந்து, பழக்கமில்லாத கையால், நெருப்பைத் தொடுவதுபோல் அதன் தலையைத் தொட்டார். கேசரி அவர் கையை நக்கியது. "ஐயையோ" என்று கையை உதறினார், மறுபடி நீட்டினார்.

தீர்மானம் வாபஸ் ஆனது. அடுத்த வாரத்திலிருந்து சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ஸ்ரீவத்சனின் கதவை அவரே தட்டிக் கேசரியைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு இருவரும் பாடினார்கள். சாத்தியும் கேட்டது. டொரண்டோவிலிருந்து ஸ்ரீவத்சனின் மனைவி அந்த நேரத்துக்கு போன் செய்து, பாட்டு முழுவதும் கேட்டுவிட்டு, கடைசியில் புருஷனோடும் பத்து நிமிடம் பேசினாள். ஒரு மாதத்துக்குள் பன்னிரண்டு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டு ஒரு புகார்க் கடிதம் கொடுத்தன. அது நாய்மேலும் செயலாளர்மேலும் சேர்த்து. புகாரை வாங்கிப் பரிசீலிக்க வேண்டியவர் செயலாளர்தான் என்பதால் அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

அபிகாயில் ரிலீஸ் முடிந்து வந்து வெப்சைட்டை மாற்றி எழுதினாள். வெள்ளைக்காரப் பெண் போய், டாக்டரும் மெஹர் பானுவும் ஒரு நாட்டு நாயும் நிற்கும் படம் வந்தது. மூவரில் நாய் மட்டும்தான் சிரித்தது. குதிரை போனது. நீச்சல்குளம் போனது. நடத்தை ஆலோசனையை எடுக்கப் போனபோது டாக்டர், "அது இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கோவிலம்பாக்கத்திலிருந்து தபீதாள் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை தன் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூனை மாமியாரின் செருப்பில் மட்டும் தினமும் மூத்திரம் பெய்கிறதாம். மற்ற யார் செருப்பையும் தொடுவதில்லையாம். டாக்டர் பூனையைச் சோதித்துவிட்டு, பூனைக்கு ஒன்றும் இல்லை என்றார். "அப்போ மாமியாருக்கா?" என்று ஆர்வமாகக் கேட்டாள் தபீதாள்.

"அது என் டிபார்ட்மென்ட் இல்ல. மேடத்தப் பாருங்க" என்று டாக்டர் வெளி மேசையைக் காட்டினார்.

மெஹர் பானு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, புதிதாக வாங்கிய நோட்டைத் திறந்தாள்.

"உக்காரும்மா. மொதல்ல மாமியாரு எத்தினி மணிக்கி எழுந்திரிப்பாங்க, அதச் சொல்லு."